பழைய மெத்தை வீட்டுக்கு ஹீட் பம்ப் வாங்கலாமா? வேலூர்க் கணக்கு

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கொசப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை, நாம் மெத்தை என்பது), பின்கட்டு சீமை ஓடு, நடுவில் முற்றம். அப்பாவுக்கு 78 வயது, மூச்சிரைப்பு உண்டு. கத்திரி வெயிலில் தூக்கம் இல்லை, மார்கழியில் குளிர் தாங்கவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி, "இங்கே பழைய வீடுகளுக்கெல்லாம் டக்ட் இல்லாத ஹீட் பம்ப்தான் போடுகிறார்கள், வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மெஷின், அதையே வாங்கு" என்கிறார். இது வேலூரில் கிடைக்குமா, பழைய சுவர் தாங்குமா, கரண்ட் பில் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபத்தேழு வருடமாக இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஏ.சி. மாட்டுவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. என் வீடும் ஒரு மெத்தை வீடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே ஏற்றிவிடுகிறது. அதைப்போல இந்த மெஷின் வெப்பத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. கோடையில் அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான் ஏ.சி. அதிலேயே ரிவர்சிங் வால்வு என்று ஒன்றைச் சேர்த்தால், குழாய்க்குள் வெப்பத்தைச் சுமக்கும் கேஸ் ஓடும் திசை மாறும். அப்போது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் கொட்டும். காற்று நமக்குக் குளிராக இருந்தாலும் அதில் எடுக்க வெப்பம் இருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் 2,000 வாட் கரண்டைத் தின்றுதான் அவ்வளவு சூட்டைத் தரும். நம் ஊர்ப் பனிக்காலக் காற்றில் ஒரு நல்ல ஹீட் பம்ப் அதே சூட்டை 500, 600 வாட்டில் கொடுத்துவிடும். நம் கடைகளில் இதை "ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி." என்று விற்கிறார்கள். ஆக, கிடைக்குமா என்றால் கிடைக்கும். வேலூர்க் கடையில் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள், சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

தம்பி சொல்வதிலும் தப்பில்லை, அவர் இருக்கும் ஊருக்கு. அங்கே பல பழைய வீடுகளில் வெந்நீர்க் குழாய் வைத்துச் சூடேற்றுவார்கள். காற்றைக் கொண்டுபோகும் டக்ட் அந்த வீடுகளில் கிடையாது, புதிதாகப் போட வேண்டுமானால் சுவரையும் கூரையையும் உடைக்க வேண்டும். அதனால்தான் "டக்ட் இல்லாத" என்ற சொல்லுக்கு அங்கே அத்தனை மதிப்பு. நம் வீடுகளில் டக்ட் என்ற ஒன்றே என்றும் இருந்ததில்லை. இங்கே மாட்டும் ஒவ்வொரு ஸ்ப்ளிட் ஏ.சி.யும் டக்ட் இல்லாததுதான். மைனஸ் 25 டிகிரியிலும் ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் மெஷினில் தனியான கம்ப்ரஸர் ஏற்பாடு, வெளி யூனிட்டில் படியும் பனியை உருக்கும் ஏற்பாடு எல்லாம் வைத்திருப்பார்கள். அதற்குக் காசு கொடுப்பது வேலூரில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு பாலாற்றில் நடப்பது மாதிரி.

பாலாறு என்றதும் நம் ஊரைப் பற்றிய பழைய கேலி நினைவுக்கு வருகிறது: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். மலைக்கு மரம் இன்னும் சரியாக வரவில்லை. உங்கள் கேள்விக்கு அந்த மொட்டை மலையும் கோட்டையும்தான் பாதி விடை. மே மாதம் இரவு எட்டு மணிக்குக் கோட்டை மதிலில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். சூரியன் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், கல் தோசைக்கல்லாய்ச் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கருங்கல் இரவில்தான் கக்குகிறது. ஊரைச் சுற்றியுள்ள மலைகளும் அதையேதான் செய்கின்றன.

உங்கள் வீட்டுச் சுவரும் அந்த ஜாதிதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றேகால், ஒன்றரை அடிச் செங்கல் சுவர். மேலே தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே பதித்த தட்டை ஓடு, அதாவது தட்டோடு. இந்தக் கனத்துக்குள் வெயில் புகுந்து உள்பக்கம் வந்து சேர ஏறத்தாழ பத்து மணி நேரம் பிடிக்கிறது. மதியம் ஒரு மணி வெயில் உங்கள் அப்பாவின் கட்டிலுக்கு இரவு பதினொரு மணிக்கு வருகிறது. பகலில் அந்த அறை தெருவைவிடக் குளுமையாக இருப்பதும், இரவில் தெருவைவிடப் புழுங்குவதும் இதனால்தான். "வெளியே காற்று வருகிறது, உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறது" என்று மொட்டை மாடியில் பாய் விரித்த தலைமுறைக்கு இது தெரியும்.

இதே கனம் குளிர்காலத்தில் உங்களுக்கு நண்பன். போன மார்கழியில் ஒரு விடியற்காலை என் வீட்டு முற்றத்தில் வெப்பமானியை வைத்தேன், 17 காட்டியது. அதையே எடுத்து முன்கட்டு அறையில் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 24. ஹீட்டர் இல்லை, கணப்பு இல்லை, ஜன்னலை மட்டும் சாத்தியிருந்தேன். பின்கட்டு ஓட்டு அறையில் 19. ஓட்டுக் கூரைக்குக் கனமும் கிடையாது, இடுக்கு அடைப்பும் கிடையாது. அறையில் இருக்கும் சூடெல்லாம் ஓட்டுச் சந்து வழியாகப் போய்விடும்.

அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: அப்பா எந்த அறையில் படுக்கிறார்? பின்கட்டில், கழிவறை பக்கம் என்பதால் கட்டிலை அங்கே போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் வயதானவர்களுக்கு அந்த அறைதான் வாய்க்கிறது. மார்கழியும் தையும் வரும் இரண்டு மாதத்துக்கு அவர் கட்டிலை முன்கட்டுக்கு மாற்றிவிட்டால் உங்கள் குளிர்ப் பிரச்சினையில் முக்கால் பங்கு தீர்ந்தது. இதற்குச் செலவு, கட்டிலைத் தூக்க வருகிற இருவருக்கு டீ.

ஆக, வேலூர் டவுனுக்குள், மெத்தை அறைக்கு, சூடேற்றும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. குளிரூட்ட மட்டும் செய்யும் நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி. போதும். வருடத்தில் இருபது முப்பது இரவு, அதிலும் சில மணி நேரம் ஓட்டுவதற்கு ஒரு வால்வு, அதை இயக்க ஒரு மின்காந்தக் காயில், கூடுதல் சென்சார். இவை அத்தனையும் பழுதாகக் கூடிய சாமான்கள். பன்னிரண்டு மாதத்தில் பதினொரு மாதம் அசையாமல் கிடக்கும் ரிவர்சிங் வால்வு, அசைய வேண்டிய நாளில் அடம் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஏலகிரியில் வீடு என்று கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் பனிக்கால இரவில் போர்வைக்கு மேல் போர்வை கேட்கும். அங்கே ஹாட் அண்ட் கோல்ட் வாங்கினால் முழுப் பலனும் உண்டு. ராத்திரி முழுக்க, எட்டு மணி நேரம், 2,000 வாட் ஹீட்டர் ஓட்டினால் 16 யூனிட். அதே சூட்டுக்கு ஹீட் பம்ப் நாலைந்து யூனிட்டில் முடித்துவிடும். அந்த மலைகளின் குளிரில் வெளி யூனிட்டில் பனிக்கட்டி படிந்து மெஷின் நின்று நின்று ஓடும் தொல்லையும் பொதுவாக வராது. அது காற்று ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கும் ஊர்களின் தலைவலி.

இனி கோடைக்கு வருகிறேன். நம் ஊருக்கு மெஷின் வேண்டியது கோடைக்குத்தான், பழைய வீட்டில் தப்பு நடப்பதும் அதில்தான்.

முதல் தப்பு, வீடு முழுவதையும் குளிர வைக்கப் பார்ப்பது. முற்றம் வைத்த வீட்டில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. அந்த வீடு காற்றோட்டத்துக்காகக் கட்டியது. ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள், இரவில் அப்பா படுக்கிற அறை. அதன் உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டர்கள், கட்டை சுவரில் புகும் இடத்து இடுக்குகள், இரட்டைக் கதவின் நடுச்சந்து, கீழே வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, இவற்றைச் சரி செய்யுங்கள். வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து மூடிவிடாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு, வேண்டும்போது திறக்கிற மாதிரி வையுங்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. புதுக் காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது. மூச்சிரைப்பு உள்ளவர் அறையில் விடியற்காலை அரை மணி நேரமாவது ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு அடி உயரக் கூரையைப் பார்த்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்ல ஆள் வருவார். வேண்டாம். தேக்குக் கட்டையை மூடிவிட்டால் கரையான் ஏறுவதும் தெரியாது, மழைக்கு ஒழுகுவதும் தெரியாது. தெரியும்போது கட்டை உளுத்திருக்கும். உயரக் கூரையால் பெரிய நஷ்டமும் இல்லை. குளிர்ந்த காற்று கீழே தங்கும், கட்டில் மட்டத்தில் குளிர்ச்சி இருந்தால் போதும். உள் யூனிட்டை மட்டும் கூரையை ஒட்டி மாட்டாமல் எட்டு அடி உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். காற்று கட்டிலுக்கு நேராக வீசக் கூடாது, கால் பக்கச் சுவரில் இருக்கட்டும்.

எத்தனை டன் என்று உடனே கேட்பீர்கள். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை, மேலே நேரே வெயில் படும் தளம் என்றால் ஒன்றரை டன். ஒரு டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட் குளிரூட்டும் திறன். ஆனால் அந்தத் திறனை அளப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. வேலூர் கத்திரியில் 40 தாண்டும், உங்கள் வெளி யூனிட் இருக்கும் மூலையில் அதைவிடவும் கூடும். அப்போது பத்தில் ஒரு பங்காவது திறன் குறைந்துவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எனவே "ஒரு டன் போதும், பில் குறையும்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய காலத்து ஏ.சி.யில் பெரிதாக வாங்கினால் விட்டு விட்டு ஓடிக் கரண்ட் வீணாகும். இன்வெர்ட்டர் அப்படி இல்லை, தேவைக்குத் தக்கபடி கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்.

கனத்த சுவர் வீட்டுக்கு இன்வெர்ட்டர் பொருந்துவதும் இதனால்தான். புதுக் கான்கிரீட் வீட்டில் ஏ.சி. போட்டால் பதினைந்து நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும், அணைத்தால் அதே வேகத்தில் சூடாகிவிடும். உங்கள் வீட்டில் முதல் ஒரு மணி நேரம் "இது வேலையே செய்யவில்லையே" என்று தோன்றும். காற்று குளிர்ந்திருக்கும், சுவர் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது ரிமோட்டை எடுத்து 18-க்குத் தள்ளுவது. அது பாவம், 18 என்று வைத்தால் அதற்குக் கூடுதல் பலம் வந்துவிடாது. சேருமிடம்தான் தள்ளிப்போகும், அதுவரை முழு மூச்சில் ஓடும். அதற்குப் பதிலாக இரவு எட்டரைக்கே 26-ல் போட்டு, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, கதவைச் சாத்திவிடுங்கள். பத்து மணிக்கு அப்பா படுக்கப் போகும்போது சுவரும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கும். பிறகு விடியும்வரை கம்ப்ரஸர் மெல்ல முனகிக்கொண்டே ஓடும். 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் ஸ்டார் லேபிள் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்கும்படி விதி வைத்திருக்கிறார்கள். வயதானவருக்கு அதுவும் அதிகக் குளிர், 26, 27 போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்போது அறையை 20-க்கு இறக்கி வைத்தால், இடுக்கு வழியாக வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் பூச்சு உப்பி உதிரும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். மூச்சிரைப்புக்காரருக்கு அந்தப் பூஞ்சையைவிடக் கெட்ட விருந்தாளி கிடையாது. சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஈரம் வெளியேறவும் வழி இருக்காது. அந்த மாதங்களில் "டிரை" என்ற பட்டனை ஓரிரண்டு மணி நேரம் பயன்படுத்துங்கள், குளிரூட்டலே தேவைப்படாது.

அடுத்தது சுவர். இதில் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வாலாஜாப்பேட்டையில் ஒரு மெத்தை வீடு. வெளிச்சுவரில் பிராக்கெட் வைத்து, கான்கிரீட் சுவரில் அடிப்பதைப்போலவே நாலு ஆங்கர் போல்ட் அடித்து வெளி யூனிட்டை ஏற்றிவிட்டு வந்தேன். போல்ட் இறுகியது போலத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் போன் வந்தது. மேலிரண்டு போல்ட்டும் சாந்தோடு கழன்று, முப்பத்தைந்து கிலோ யூனிட் செம்புக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே துணி உலர்த்தும் கொடி. அந்த வீட்டு அம்மா நல்லவேளை உள்ளே போயிருந்தார். துளையில் விரலை விட்டுப் பார்த்தேன், கோலமாவு மாதிரி கொட்டியது. ஆங்கர் போல்ட் உள்ளே விரிந்து சுவரை அழுத்தித்தான் பிடித்துக்கொள்கிறது. கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்கும். சுண்ணாம்புச் சாந்து, அதிலும் தினமும் அதிரும் யூனிட்டுக்குக் கீழே, பொடியாகிவிடும்.

அதன்பிறகு பழைய சுவரில் ஆங்கர் போல்ட் அடிப்பதை விட்டுவிட்டேன். வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் சுவரை முழுக்கத் துளைத்து நீண்ட போல்ட் விட்டு, உள்பக்கம் அரை அடி சதுர இரும்புத் தகடு வைத்து இறுக்குகிறேன். அதைவிட நல்லது மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துவது. ஆனால் மாடி நடுவில் வேண்டாம், கீழே சுவர் இருக்கும் கோட்டுக்கு மேலே, கைப்பிடிச் சுவரை ஒட்டி, தடித்த ரப்பர் கட்டை வைத்து. தளத்தின் நடுவில் வைத்தால் அதிர்வு கட்டைகளுக்கு இறங்கும், கீழே படுத்திருப்பவர் மேல் காரைத்தூள் உதிரும். தட்டோட்டில் துளை போட யாரையும் விடாதீர்கள். ஒரு துளை போதும், ஐப்பசி மழை வழி கண்டுபிடித்துவிடும்.

குழாய் போக இரண்டரை அங்குலத் துளை. அதை உளியும் சுத்தியலும் வைத்து உடைப்பவரைத் திருப்பி அனுப்புங்கள், வட்டமாக அறுத்துத் துளைக்கும் கோர் கட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். தேக்குக் கட்டையின் தலை சுவருக்குள் முக்கால் அடியாவது புகுந்திருக்கும். அதற்குக் கீழே ஒன்றரை அடியாவது இறங்கித் துளைக்க வேண்டும். துளை வெளிப்பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏ.சி. தண்ணீர் சுவருக்குள் இறங்கும். மாட்டி முடித்ததும் துளையைச் சிமென்ட்டால் அடைக்காமல் சுண்ணாம்புக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். கொத்தனார் சிரிப்பார், பரவாயில்லை.

வெளி யூனிட்டை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு உங்கள் வீட்டிலேயே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று முற்றம். கண்ணுக்குத் தெரியாது, குழாய் நீளம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். அறையிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் வீட்டின் மூக்கிலேயே கொட்டுவதாகும் அது. இன்னொன்று, இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்து. யூனிட் விடும் அனல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும், அதையே அது மறுபடி இழுக்கும். தெருவில் 41 இருக்கும்போது அந்தச் சந்தில் 50-ஐத் தாண்டியதை அளந்திருக்கிறேன். மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், நீங்கள் "புது ஏ.சி. மோசம்" என்பீர்கள். பின்னால் ஓரடி, முன்னால் மூன்றடி வெட்டவெளி வேண்டும். மேற்கு வெயில் நேரே படாத பக்கம் என்றால் உத்தமம். தகரக் கொட்டகை போட்டு மூடுகிறவர்களும் உண்டு. நிழல் நல்லதுதான், மூச்சு முட்டக் கூடாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அழுகல் முட்டை வாசனைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கடித்து அரிக்கும். அங்கே காயிலுக்கு, அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளுக்கு, மேல்பூச்சு உள்ள மாடலாக வாங்குவது நல்லது. கொசப்பேட்டைக்கு அந்தக் கவலை இல்லை. உங்களுக்குப் பல்லிதான் எதிரி. வெளி யூனிட்டுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு வெதுவெதுப்பாக இருக்கும், பல்லிக்கு அது சொர்க்கம். இரண்டு முனையைத் தொட்டபடி நின்றால் அதுவும் போச்சு, போர்டும் போச்சு. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய் வேலை, போர்டு விலை பல ஆயிரம்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. தாத்தா காலத்து மரப்பட்டி வயரிங்கில் ஏ.சி.யை மாட்டவே கூடாது. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த். பழைய வீட்டில் எர்த் என்று ஒரு வயர் சுவருக்குள் போகும், அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகக் குழி தோண்டிப் போட்டுவிடுங்கள். மின்வாரியத்தில் உங்கள் இணைப்புக்கு எவ்வளவு லோடு அனுமதி இருக்கிறது என்று கேட்டு, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள். மே மாதச் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால், பெட்டியில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று எழுதியிருந்தாலும் ஒன்று வைத்துவிடுவேன்.

மாட்டுகிற அன்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாக்யூம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். சீசன் அவசரத்தில் கொஞ்சம் கேஸைத் திறந்து "புஸ்" என்று காற்றை ஊதித் தள்ளிவிட்டு, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கி எண்ணெயைக் கெடுக்கும், இரண்டு மூன்று வருடத்தில் கம்ப்ரஸர் போகும், அப்போது மாட்டியவர் போன் எடுக்க மாட்டார். இன்றைய மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22 ஓசோனைக் கெடுத்தது. அதன்பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஆர்-32-ஐப்போல மூன்று மடங்கு. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக் கூடியது, அதனால் இந்தப் புஸ் வேலை இன்னும் ஆபத்து.

பில்லுக்கு வருவோம். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ஒன்றரை டன் லேபிளில் 750 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கத்திரி மாத வேலூர் இரவுக்கு முக்கால் யூனிட் என்றே போடுங்கள். ஓர் இரவு ஒன்பது மணி நேரம், இரண்டு மாதம் அறுபது இரவு என்றால் சுமார் 400 யூனிட். நமக்குப் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறிவிடுகிறது. உங்கள் வீட்டின் இரண்டு மாதச் சாதாரணச் செலவு 100 யூனிட்டுக்கு மேல் என்றாலே சித்திரை, வைகாசி பில் அந்தக் கோட்டைத் தாண்டும், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்கு டைமர் வைத்து அணைத்தால் கணிசமாகக் குறையும். கனத்த சுவர் குளிர்ச்சியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆறு மணி வரை தாங்கும்.

ஹாட் அண்ட் கோல்டுக்காக ஒதுக்கிய கூடுதல் பணம் கையில் மிச்சமிருக்குமே, அதை மாடியில் செலவழியுங்கள். தட்டோட்டைச் சுரண்டிக் கழுவி, விரிசல்களை அடைத்து, இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பார்கள், தளம் இறுகும். நான் என் மாடியில் பாதிக்கு மட்டும் முதலில் அடித்துப் பார்த்தேன். மதியம் வெறுங்காலோடு வெள்ளையில் நிற்க முடிந்தது, கறுத்த பாதியில் ஒரு அடி வைக்க முடியவில்லை. அந்தக் கோடையில் அறைக்குள் மின்விசிறி ஊதிய காற்றே மாறிவிட்டது. வருடா வருடம் பங்குனிக்கு முன் ஒருமுறை அடித்துவிட்டால் ஏ.சி. பாதி மூச்சில் ஓடும்.

எப்போது வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தை, மாசியில் முடித்துவிடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் எங்களில் யாரும் கையில் அகப்பட மாட்டோம், அகப்பட்டாலும் வாக்யூம் பம்ப்பை வண்டியிலிருந்து இறக்க மாட்டோம். துளை போடும் அன்று மட்டும் அப்பாவை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எண்பது வருடச் சுண்ணாம்புத் தூசு அறையை விட்டு அடங்க இரண்டு நாள் ஆகும்.